மதிப்பெண் போடுவது யார்? சிகாகோவின் ஸ்லாம் கவிஞர்களும் அச்சுக் கவிஞர்களும்

சிகாகோ நகரின் சிவப்புத் தட ரயிலில் ஏறி லாரன்ஸ் நிலையத்தில் இறங்கினால், அருகிலேயே 'கிரீன் மில்' என்ற பழைய ஜாஸ் மதுக்கூடம் இருக்கிறது. அதே ரயிலில் தெற்கே வந்து, 'சிகாகோ' என்றே பெயர் கொண்ட நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால், துத்தநாகத் தகடும் கண்ணாடியுமாக எழும்பியிருக்கும் பொயட்ரி ஃபவுண்டேஷன் கட்டடம். இரண்டுக்கும் இடையே சுமார் 8 கிலோமீட்டர். முதல் இடத்தில் 1986 முதல் ஸ்லாம் என்ற கவிதைப் போட்டி நடந்தது. அங்கிருந்துதான் அது உலகம் முழுக்கப் பரவியது. இரண்டாவது இடம் 1912இல் தொடங்கி இன்றுவரை வரும் 'பொயட்ரி' இதழின் வீடு. கவிஞர் டி.எஸ். எலியட்டின் முதல் பெரிய கவிதையை 1915இல் அச்சிட்டது இந்த இதழ்தான்.

ஒரே ஊருக்குள் இப்படி இரண்டு வீடுகள் இருந்தால் சண்டை வராமல் இருக்குமா? வந்தது. சிகாகோவில் மட்டுமில்லை, ஸ்லாம் போன ஊர்களில் எல்லாம் ஏதோ ஒரு வடிவத்தில் வந்தது. சண்டையின் வசனங்களும் பெரும்பாலும் ஒன்றுதான். மேடையில் நிற்பவர்கள், "உங்கள் கவிதை செத்துப்போய்விட்டது, நீங்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிறீர்கள்" என்பார்கள். அச்சில் எழுதுபவர்கள், "நீங்கள் செய்வது நாடகம், கத்தினால் கவிதை ஆகிவிடுமா" என்பார்கள். கவியரங்கத்தில் கைதட்டல் வாங்கியவர்களைப் பற்றி நம் சிற்றிதழ்க்காரர்கள் பேசிய பேச்சைக் கேட்டவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

ஆனால் இந்த வசனங்களை வைத்துச் சண்டையைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன். மேடையா தாளா, குரலா எழுத்தா என்பதெல்லாம் மேல்பூச்சு. அடியில் இருக்கும் கேள்வி வேறு: ஒரு கவிதை நன்றாக இருக்கிறது என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு?

ஸ்லாமைத் தொடங்கிய மார்க் ஸ்மித் கட்டடத் தொழிலாளியாக வேலை பார்த்தவர். 1984இல் சிகாகோவின் 'கெட் மீ ஹை' என்ற சிறிய ஜாஸ் கூடத்தில் திங்கட்கிழமை இரவுகளில் கவிதை வாசிப்புகளை நடத்தத் தொடங்கினார். அன்றைய வாசிப்புக் கூட்டங்கள் மீது அவருக்கு இருந்த கோபம் எளிமையானது. கவிஞர் தாளைப் பார்த்தபடி முணுமுணுப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் மற்ற கவிஞர்கள். முடிந்ததும் மரியாதைக்கு ஒரு கைதட்டல். பிடிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, சொன்னால் அநாகரிகம். 1986 ஜூலையில் கிரீன் மில்லின் உரிமையாளர் டேவ் ஜெமிலோ ஞாயிற்றுக்கிழமை மாலையை ஸ்மித்துக்குக் கொடுத்தார். நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியை நிரப்ப என்ன செய்வது என்று யோசித்தபோது வந்ததுதான் போட்டி. தொடக்கத்தில் கைதட்டலும் கூச்சலுமே தீர்ப்பு. எண்களால் மதிப்பெண் போடுவது பிறகு வந்தது. அதாவது, ஸ்லாமின் உயிர் என்று இன்று நினைக்கப்படும் பகுதி, ஒரு நிகழ்ச்சியின் வால்பகுதிக்கு ஒட்டுப்போட வந்த வேடிக்கை.

விதிகள் சின்னவை. சொந்தக் கவிதையாக இருக்க வேண்டும். 3 நிமிடம்; அதற்கு மேல் 10 விநாடி சலுகை; அதையும் தாண்டினால் ஒவ்வொரு 10 விநாடிக்கும் அரைப் புள்ளி கழியும். இசைக்கருவி, வேடம், கையில் பொருள் எதுவும் கூடாது. பார்வையாளர்களிலிருந்து 5 பேரை அந்த இடத்திலேயே பிடித்து நடுவர்களாக உட்காரவைப்பார்கள். ஒவ்வொருவரும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் நீக்கிவிட்டு மீதி மூன்றைக் கூட்டுவார்கள். ஆக உச்சம் 30.

இதில் அச்சுக் கவிஞர்களுக்கு எது உறுத்தியது? 3 நிமிட வரம்போ, கூச்சலோ இல்லை. அந்த 5 பேர்தான். அவர்களில் யாரும் கவிதை படித்தவராக இருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் படித்திராதவராக இருப்பதே நல்லது என்றுதான் ஏற்பாடு. பீர் குடிக்க வந்தவர், நண்பரோடு ஒட்டிக்கொண்டு வந்தவர், முதல்முறை கவிதை கேட்பவர் எல்லோரும் 6.4 என்று அட்டை தூக்கலாம். இருபது வருஷம் கவிதையே கதி என்று இருந்த ஒருவருக்கும் அதே அட்டைதான்.

இன்னொரு பக்கம் பாருங்கள். அச்சு உலகின் தீர்ப்பு எப்படி நடக்கிறது? கவிதையை அனுப்புகிறீர்கள். மாதக்கணக்கில் காத்திருக்கிறீர்கள். ஒரு சிலர் ஒரு அறையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அவர்கள் யார் என்பது பாதிதான் தெரியும், என்ன பேசினார்கள் என்பது தெரியவே தெரியாது. பிறகு 'தற்போதைய தேவைக்குப் பொருந்தவில்லை' என்ற ஒரே அச்சுக்கடிதம். வந்து குவிவதில் மிகச் சிறு பகுதிதான் இதழில் ஏறும். அப்படி ஏறியவற்றிலிருந்து தொகுப்பு, தொகுப்பிலிருந்து பரிசு, பரிசிலிருந்து பல்கலைக்கழக வேலை. இந்த முறையில் மெதுவும் நிதானமும் உண்டு. ஒரு கவிதையை மூன்று முறை படித்தபிறகு பிடிக்கத் தொடங்கும் அனுபவம் இதில்தான் சாத்தியம். ஆனால் கதவு பூட்டியே இருக்கும். ஸ்லாமில் தீர்ப்பு அபத்தமாக இருக்கலாம், ஆனால் எல்லோர் கண்முன்னும் நடக்கும். நடுவரைப் பார்த்துக் கூட்டம் கூச்சல் போடலாம், போடவும் செய்யும்.

ஸ்லாம்காரர்கள் மதிப்பெண்ணை நம்பினார்களா என்றால், தொடக்கத்தில் இல்லை. கவிதைக்கு 7.8 போடுவது கேலி என்பது அவர்களுக்கும் தெரியும். அந்தக் கேலிதான் நோக்கமே. "புள்ளிகள் முக்கியமில்லை, கவிதைதான் முக்கியம்" என்பது ஸ்லாம் அரங்குகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் வாசகம். மார்க் ஸ்மித் மேடையேறி "நான் மார்க் ஸ்மித்" என்றால் கூட்டம் "அதனால் என்ன!" என்று திருப்பிக் கத்துவது கிரீன் மில்லின் வழக்கம். நடத்துபவரையே மதிக்காத இடத்தில் மதிப்பெண்ணை யார் மதிப்பார்கள்?

1990இல் சான் பிரான்சிஸ்கோவில் முதல் தேசியப் போட்டி நடந்தபிறகு நிலைமை மாறியது. அணிகள், பயிற்சி, உத்திகள் எல்லாம் வந்தன. இரவு ஏற ஏற மதிப்பெண்ணும் ஏறிக்கொண்டே போகும் என்பதைக் கண்டுபிடித்தார்கள்: முதலில் வந்தவருக்கு 7 கிடைத்த அதே தரத்துக்குக் கடைசியில் வருபவருக்கு 9 கிடைக்கும். அதனால் போட்டியில் இல்லாத ஒருவரை முதலில் வாசிக்கவைத்து நடுவர்களின் அளவுகோலைப் பழக்கும் ஏற்பாடு வந்தது. எந்த வரிசையில் யாரை இறக்குவது என்று அணிகள் கணக்குப் போட்டன. கேலியாக வந்த எண்கள் காரியமாகிவிட்டன. இதை முதலில் கண்டித்தவர்கள் வெளியாட்கள் என்று நினைக்க வேண்டாம். ஸ்லாமுக்கு உள்ளே இருந்தவர்கள்தான்.

கேட்பவர்களைப் பற்றிய இந்தத் தகராறு ஸ்லாமோடு தொடங்கியது என்று நினைத்தால் அதுவும் தவறு. 'பொயட்ரி' இதழின் முதல் சில வருஷங்களிலேயே அது நடந்துவிட்டது. இதழைத் தொடங்கிய ஹாரியட் மன்றோ, மகத்தான கவிஞர்கள் வேண்டுமென்றால் மகத்தான கேட்பவர்களும் வேண்டும் என்ற கவிஞர் வால்ட் விட்மனின் கருத்தை இதழின் முத்திரை வாசகமாகப் போட்டார். இதழின் வெளிநாட்டுத் தொடர்பாளராக லண்டனில் இருந்த கவிஞர் எஸ்ரா பவுண்டுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கலைஞன் கூட்டத்தின் எண்ணிக்கையை நம்பி இருப்பவன் இல்லை என்பது அவர் கட்சி. 1914 அக்டோபர் இதழில் இருவரும் இதைப் பற்றி அச்சிலேயே மோதிக்கொண்டார்கள். இன்று அச்சுக் கவிதையின் கோட்டையாகப் பார்க்கப்படும் அந்த இதழின் ஆசிரியர், கேட்பவர்கள் பக்கம் நின்று வாதாடினார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

மன்றோ வாதத்தோடு நிற்கவுமில்லை. இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த வேச்சல் லிண்ட்சே என்ற கவிஞரை அவர் வெளியிட்டார். ஊர் ஊராக நடந்து, கவிதையைக் கொடுத்து உணவும் படுக்கையும் வாங்கிக்கொண்டு திரிந்த மனிதர் அவர். 1914 மார்ச்சில் அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸுக்கு 'பொயட்ரி' இதழ் சிகாகோவில் விருந்து வைத்தபோது, லிண்ட்சே எழுந்து தன் நீண்ட கவிதையைப் பாட்டும் முழக்கமுமாக நிகழ்த்தினார். கூட்டம் அசந்துபோனது. அதன்பிறகு அவர் அமெரிக்கா முழுக்க அழைக்கப்பட்டார். (அந்தக் கவிதை கறுப்பின மக்களைச் சித்திரிக்கும் விதம் இன்று படித்தால் கூசவைக்கும், எதிர்ப்பு அப்போதே வந்தது.)

அப்புறம் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. போன இடமெல்லாம் கூட்டம் அதே பழைய கவிதைகளையே கேட்டது. புதிதாக எழுதியதை வாசித்தால் ஆர்வமில்லை. முழக்கம் வேண்டும், கையசைப்பு வேண்டும், தாளம் வேண்டும். லிண்ட்சே தன்னுடைய நிகழ்ச்சியை வெறுக்கத் தொடங்கினார். கடனும் மனச்சோர்வும் சேர்ந்து 1931இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய முடிவுக்குக் கேட்பவர்கள்தான் காரணம் என்று சொல்வது மிகைப்படுத்தல். ஆனால் கூட்டத்தின் தீர்ப்பைச் சார்ந்து வாழும் கவிஞருக்கு என்ன நேரும் என்ற கேள்விக்கு ஸ்லாம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே சிகாகோவில் ஓர் உதாரணம் இருந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்கக் கவிதை பெருமளவு பல்கலைக்கழகத்துக்குள் குடியேறியது. படைப்பெழுத்துப் பட்டங்கள் பெருகின. கவிஞரின் பிழைப்பு ஆசிரியர் வேலை ஆனது. வேலைக்குத் தேவை புத்தகம். நல்ல விஷயம்தான், கவிஞர்கள் பட்டினி கிடக்காமல் இருந்தார்கள். ஆனால் வாசகர் வட்டம் சுருங்கி, எழுதுபவர்களும் எழுதக் கற்பவர்களும் மட்டுமே படிக்கும் ஒன்றாகியது. 1991இல் கவிஞர் டேனா ஜோயா 'தி அட்லாண்டிக்' இதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் குற்றமாகச் சொன்னது. அவர் மரபான யாப்பை விரும்பியவர், மதுக்கூடப் போட்டிக்காரர் இல்லை. இருந்தும் அவருடைய புகாரும் மார்க் ஸ்மித்தின் புகாரும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்லாமை ஒரு கலகமாக மட்டும் பார்த்தால் இந்த ஒற்றுமை கண்ணில் படாது.

சரி, கலை நுட்பத்தில் வேறுபாடே இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அதைக் காட்ட சிகாகோவின் க்வெண்டலின் புரூக்ஸைவிட நல்ல சாட்சி கிடையாது. 1950இல் புலிட்சர் பரிசு வாங்கிய முதல் கறுப்பினக் கவிஞர். 1959இல் 'பொயட்ரி' இதழில் வந்த அவருடைய 'வீ ரியல் கூல்' கவிதையில் மொத்தம் 24 சொற்கள்தான். பள்ளியை விட்டுவிட்டுப் பில்லியர்ட்ஸ் கூடத்தில் நிற்கும் பையன்கள் பேசுவதுபோல எழுதியது. ஒவ்வொரு வாக்கியமும் 'நாங்கள்' என்று தொடங்குகிறது. ஆனால் முதல் வாக்கியத்தைத் தவிர மற்றவற்றில் அந்தச் சொல்லை அவர் வரியின் தொடக்கத்தில் வைக்காமல் முந்தைய வரியின் கடைசியில் தொங்கவிட்டார். ஒவ்வொரு வரி முடிவிலும் அந்த 'நாங்கள்' ஒரு நொடி அந்தரத்தில் நிற்கிறது. கடைசி வரியில் மட்டும் அது இல்லை. பையன்கள் செத்துப்போகிறார்கள், சொல்லும் காணாமல் போகிறது.

இது அச்சு மட்டுமே செய்யக்கூடிய காரியம் என்று ஓர் அச்சுக் கவிஞர் வாதாடலாம். மற்றவர்கள் வாசிக்கும்போது பெரும்பாலும் வாக்கியத்தின்படி நிறுத்துவார்கள், வரியின்படி இல்லை, தொங்கல் போய்விடும். ஆனால் புரூக்ஸின் குரலில் உள்ள பதிவுகளைக் கேட்டால் வேறொன்று தெரியும். அந்த 'நாங்கள்' மிக மெல்லியதாக, விழுங்கப்பட்டதாக, தன்மேல் நம்பிக்கையில்லாத ஒரு மூச்சாக வருகிறது. அதை அப்படித்தான் படிக்க வேண்டும் என்று அவரே விளக்கியும் இருக்கிறார். தாளைப் பார்த்து அந்தக் குரலை ஊகிக்க முடியாது. ஆக, இடைவெளியைக் காட்டியது தாள்; அதன் பொருளைச் சொன்னது குரல். இவ்வளவு சின்னக் கவிதையில் இரண்டு கட்சிக்கும் ஆதாரம் இருக்கிறது. 1960களின் கடைசியில் புரூக்ஸ் இளம் கறுப்பினக் கவிஞர்களோடு சேர்ந்து ஒரு மதுக்கூடத்துக்குள் நுழைந்து, அங்கிருந்தவர்களிடம் கவிதை வாசித்ததும் உண்டு. கிரீன் மில் ஸ்லாமுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பு.

ஸ்லாமின் 3 நிமிடம் என்பது பேச்சு வேகத்தில் சுமார் நானூறு சொல். கேட்பவர் திரும்பிப்போய் இரண்டாவது வரியை மறுபடி படிக்க முடியாது. அதனால் ஸ்லாம் கவிதைக்குத் திரும்பத் திரும்ப வரும் தொடர் வேண்டும், கதை வேண்டும், முதல் அரை நிமிடத்திலேயே 'இது எதைப் பற்றி' என்பது தெரிந்தாக வேண்டும். அச்சுக் கவிஞர்கள் இதையெல்லாம் நுட்பக் குறைவு என்பார்கள். காதுக்குச் செய்யப்பட்ட எந்தக் கவிதையும், எந்த மொழியிலும், இப்படித்தான் இருக்கும். பல்லவி திரும்ப வருவதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

ஆனால் அவர்களுடைய இன்னொரு புகார் உண்மை. போட்டிக் கவிதைகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவைபோல் ஆகிவிட்டன. முதலில் ஒரு சிரிப்பு, பிறகு வேகம், வேகத்துக்கு நடுவே குரல் உடைதல், கடைசி வரி கிசுகிசுப்பு. கொஞ்ச நாள் தொடர்ந்து கேட்டால் குரல் எப்போது உடையும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். எது மதிப்பெண் வாங்குகிறதோ அதுவே பெருகும், வேறென்ன நடக்கும்? அச்சுக் கவிஞர்கள் இதைச் சொல்லிச் சிரிக்கும்போது தங்கள் பக்கத்து வார்ப்பை மட்டும் மறந்துவிடுகிறார்கள். வீட்டு ஜன்னலோரம் ஒரு சிறு காட்சி, பறவை ஒன்று, இறந்துபோன உறவினர் நினைவு, கடைசியில் அடங்கிய ஒரு வெளிச்சம். அதை ஒவ்வொரு வரி முடிவிலும் குரலைச் சற்றே தூக்கி, எங்கும் அழுத்தம் கொடுக்காமல் ஒரே சீராக வாசித்தல். அதுவும் நடுவர்களுக்காகச் செய்யப்பட்டதே. நடுவர்கள்தான் வேறு.

2000இல் 'பாரிஸ் ரிவ்யூ' இதழில் வந்த ஒரு கலந்துரையாடலில் விமர்சகர் ஹெரால்ட் ப்ளூம், ஸ்லாம் என்பது கலையின் மரணம் என்றார். அந்தக் கூற்று ஆயிரம் இடங்களில் மேற்கோள் காட்டப்பட்டுவிட்டது. அதில் இரண்டு விஷயங்கள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒன்று, செய்தித்தாள்களில் தான் படித்த விவரங்களை வைத்துத்தான் அவர் பேசினார். இரண்டு, கைதட்டலை அளக்கும் கருவியை வைத்துத் தீர்ப்புச் சொல்வதுபோல இருக்கிறதே என்பதும் அவருடைய எரிச்சலில் முக்கியமான பங்கு. உளறல் என்று கவிதைகளைத் திட்டினார், உண்மை. ஆனால் மரணம் என்ற அளவுக்கு அவரைக் கொண்டுபோனது அந்த அளவுகருவிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வாழ்நாள் முழுக்க எது பெரிய இலக்கியம் என்று பட்டியல் போட்டவருக்கு, பட்டியல் போடும் வேலையை யாரோ 5 பேர் எடுத்துக்கொண்டது வலித்திருக்கும்.

இனமும் வர்க்கமும் இதில் எங்கே வருகிறது? எல்லா இடத்திலும் வருகிறது. கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கக் குடும்பத்தினர், பால்புதுமையினர், பட்டம் இல்லாதவர்கள் என்று அச்சின் கதவு எளிதில் திறக்காத பலருக்கு ஸ்லாம் மேடை திறந்தது. ஆகவே 'இது கவிதையே இல்லை' என்ற வாக்கியம் அவர்கள் காதில் அழகியல் கருத்தாக மட்டும் விழவில்லை. அதே சமயம், சொந்தக் காயத்தைத் திறந்து காட்டினால்தான் மதிப்பெண் என்ற நெருக்கடியும் அவர்கள் மேல்தான் விழுந்தது. பெரும்பாலும் வெள்ளையர் நிறைந்த கூட்டம், ஒரு கறுப்பினக் கவிஞரின் வலிக்கு 10 போட்டுவிட்டுத் தன்னைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறது என்ற விமர்சனத்தை ஸ்லாம்காரர்களே எழுப்பினார்கள்.

பணம் வந்த கதை தனி. 2002 நவம்பரில், ஒரே மாதத்தில், இரண்டு பக்கத்துக்கும் அதிர்ஷ்டம் அடித்தது. மருந்து நிறுவனக் குடும்பத்தின் வாரிசான ரூத் லில்லி 'பொயட்ரி' இதழுக்குச் சுமார் 10 கோடி டாலர் கொடுக்கிறார் என்ற செய்தி வந்தது. அதே மாதம் ஸ்லாம் வழி வந்த கவிஞர்களைக் கொண்ட 'டெஃப் பொயட்ரி ஜாம்' என்ற நிகழ்ச்சி நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் தொடங்கியது. அடுத்த ஆண்டு, நாடகங்களுக்கான டோனி விருதும் வாங்கியது. எச்பிஓ தொலைக்காட்சியிலும் அது 2007 வரை ஓடியது. லில்லியின் பணத்தில் ஃபவுண்டேஷன் உருவாகி, 2011இல் அந்தக் கண்ணாடிக் கட்டடம் எழுந்தது. தொலைக்காட்சிப் பணத்தில் கிரீன் மில் பக்கம் எதுவும் எழவில்லை. மார்க் ஸ்மித் அந்த நிகழ்ச்சியைக் கடுமையாகத் திட்டினார். நிகழ்த்துகவிதையின் மதிப்பைக் குறைக்கும் சுரண்டல் என்பது அவர் எண்ணம். அவருடைய கோணத்தில் அது நியாயம்தான். மதுக்கூடத்தில் நடுவராக யாரும் உட்காரலாம். தொலைக்காட்சியில் யார் பேசுவது என்பதைத் தயாரிப்பாளர்கள் முடிவு செய்கிறார்கள்.

ஊர் அளவில் நடக்கும் உரசல்களில் இந்த அளவு பணம் கிடையாது. அதனாலேயே உரசல் அதிகம். நூலகத்தின் ஒரே ஒரு கவிதை மாலைக்கு யாரைக் கூப்பிடுவது? பள்ளிக்கு வருகைதரும் கவிஞராக யாரை அனுப்புவது? சின்ன நல்கை ஒன்றுக்கு இரு தரப்பும் விண்ணப்பிக்கும். விண்ணப்பப் படிவம் வெளியான படைப்புகளின் பட்டியலைக் கேட்கும். ஸ்லாம் கவிஞர் இருநூறு மேடை ஏறியிருப்பார், பட்டியலில் எழுத ஒரு வரி இருக்காது. அச்சுக் கவிஞருக்கு இரண்டு தொகுப்பு இருக்கும், ஆனால் முப்பது பதின்வயதினர் இருக்கும் வகுப்பில் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்க முடியாது. படிவத்தை எழுதியவர் எந்தப் பக்கம் என்பதிலேயே பாதித் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. வெளியில் இது அழகியல் விவாதமாகப் பேசப்படும். இந்த மாதிரி விவாதங்களில் யார் என்ன கொள்கை சொல்கிறார் என்பதைவிட, போன வருஷம் யாருக்கு எது கிடைக்கவில்லை என்று விசாரித்தால் சீக்கிரம் விளங்கும்.

இரண்டு பக்கமும் போய் வந்தவர்கள் எப்போதும் இருந்தார்கள். சிகாகோவில் பிறந்த பட்ரீஷியா ஸ்மித் தேசிய ஸ்லாம் போட்டியில் தனிநபர் பட்டத்தை நான்கு முறை வென்றவர்; கத்ரீனா புயலைப் பற்றிய அவருடைய தொகுப்பு 2008இல் தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. 1990இல் நியூயார்க்கின் நியுயோரிகன் கவிஞர் கஃபேயில் ஸ்லாம் வென்ற பால் பீட்டி, 2016இல் நாவலுக்காக மேன் புக்கர் பரிசு பெற்றார். கிரீன் மில் அணியில் இருந்த டைஹிம்பா ஜெஸ் 2017இல் கவிதைக்கான புலிட்சர் வாங்கினார்.

இவர்களைப் பற்றி எழுதும்போது 'மேடையிலிருந்து தாளுக்கு உயர்ந்தார்' என்ற தொனி தானாக வந்துவிடுகிறது. மேடை ஏதோ ஏணியின் கீழ்ப்படி போல. ஓர் அச்சுக் கவிஞரிடம் யாரும், "எல்லாம் சரி, மதுக்கூடத்தில் நிற்க முடியுமா?" என்று சான்று கேட்பதில்லை. ஜெஸ்ஸின் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கறுப்பினக் கலைஞர்களைப் பற்றிய கவிதைகள் அவை. ஒட்டிப் பிறந்த இரட்டையர்களான மெக்காய் சகோதரிகளைப் பற்றிய கவிதைகளை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, குறுக்காக என்று பல வழிகளில் படிக்கலாம். கிழித்து மடித்து உருளையாக்கிப் படிக்கும்படியான தாள்களும் அதில் உண்டு. ஒரே வாயால் ஒரே நேரத்தில் அதை வாசித்துவிட முடியாது. அந்த ஆண்டு புலிட்சர் நடுவர்கள் தேர்ந்தெடுத்த கவிதை நூல்களிலேயே தாளை இந்த அளவு நம்பியிருந்த நூலை எழுதியவர் ஸ்லாம் மேடையில் நின்றவர்! பல குரல்கள் ஒரே அறையில் மோதுவதைக் கேட்டுப் பழகிய காதுக்குத்தான், அதைத் தாளில் எப்படி விரிப்பது என்று தோன்றியிருக்கும் போல.

2001இல் கெவின் கோவலும் ஆனா வெஸ்டும் சிகாகோவில் பதின்வயதினருக்காக 'லவுடர் தேன் எ பாம்' என்ற ஸ்லாம் போட்டியைத் தொடங்கினார்கள். அதன் சுற்றுவட்டத்தில் வளர்ந்த ஒரு தலைமுறை பல்கலைக்கழகத்துக்கும் போனது, புத்தகமும் போட்டது. 2015 ஏப்ரலில் 'பொயட்ரி' இதழே ஹிப்ஹாப் தலைமுறைக் கவிஞர்களுக்காகப் பக்கங்களை ஒதுக்கியது. சமாதானம் வந்துவிட்டது என்று தோன்றிய நேரம்.

2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீசாரால் கொல்லப்பட்ட பிறகு, ஃபவுண்டேஷன் நான்கு வரியில் ஓர் ஆதரவு அறிக்கை வெளியிட்டது. அது போதாது, வெறும் சடங்கு என்று கவிஞர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். கையெழுத்துகள் ஆயிரத்தைத் தாண்டின. முன்னின்றவர்களில் ஸ்லாம் மேடைகளில் வளர்ந்தவர்களும் இருந்தார்கள். சில நாட்களில் ஃபவுண்டேஷனின் தலைவரும் நிர்வாகக் குழுத் தலைவரும் பதவி விலகினார்கள். அந்தக் கடிதத்தில் மேடைக் கவிதை நல்லதா கெட்டதா என்ற பேச்சே கிடையாது. இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு யார் முடிவெடுக்கிறார்கள், யாருக்காக எடுக்கிறார்கள் என்பதுதான் அதன் பேச்சு.

2022இல் ஏட்ரியன் மட்டேகா 'பொயட்ரி'யின் ஆசிரியரானார்; அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். தேசியப் போட்டியை நடத்திவந்த அமைப்போ, பணச்சிக்கலில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மூடப்பட்டுவிட்டது. ஸ்லாம் காணொளிகள் இணையத்தில் லட்சக்கணக்கில் பார்க்கப்படுகின்றன. அங்கே 5 பேரும் இல்லை, பூட்டிய அறையும் இல்லை. எதை யார் திரையில் காட்டுவது என்பதை ஒரு கணிப்பொறி நிரல் தீர்மானிக்கிறது. அதனிடம் கூச்சல் போட்டுப் பயனில்லை. அச்சுப் பக்கத்தில் ஆசிரியர் மாறினாலும் கவிதைகள் இன்னும் பூட்டிய அறையில்தான் படிக்கப்படுகின்றன, மறுப்புக் கடிதத்தில் காரணம் இருப்பதில்லை. ஊர் ஸ்லாம்களில் இன்னமும் முன்பின் தெரியாத 5 பேர்தான் அட்டை தூக்குகிறார்கள். கவிஞர்கள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வருகிறார்கள். தீர்ப்புச் சொல்லும் முறையை மட்டும் இரு தரப்பும் மற்றவரிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.